அருவியாற்றங்கரையில் ஒரு பிடி சோறு



சாம்பல்தீவுப் பாலத்தைக் கடந்து நிலாவெளி வீதியால் தெற்கு நோக்கி வந்தால் உப்புவெளி. அதற்கப்பால் திருகோணமலைப் பட்டினம். பட்டினத்துத் துறையில் நின்று தெற்கே நோக்கினால் கொட்டியாரக்குடா விரிந்து கிடக்கும். மகாவலி வந்து கலக்கும் குடா அது. அக்கரையில் மூதூர். 2009 ஆம் ஆண்டிலே கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை மூதூருக்குப் போக வேண்டியவர்கள் இயந்திரப் படகையோ, தரைவழியே போவதென்றால் பாதைகளையோதான் நம்பியிருந்தனர். வெளிமாவட்ட நேயர்களுக்காக ஒரு சொல்: ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையையே நாம் 'பாதை' என்கிறோம். அந்தப் பாதையிலும் படகிலும் முன்பின் அறியாதவர்கள் தோளோடு தோள் இடிபட நின்று பயணம் செய்தார்கள். ஒருவர் வெற்றிலை நீட்டுவார். மற்றவர் அழுகிற பிள்ளையை வாங்கி வைத்திருப்பார். கரை சேர்ந்ததும் அவரவர் வழியில் போய்விடுவார்கள். ஊர் பேர் கேட்டுக்கொள்வதுகூட இல்லை.

இப்படிப்பட்ட சிறு செயல்களை வரலாறு எழுதுவோர் பொருட்படுத்துவதில்லை. அரசர்களின் கொடைகளுக்குக் கல்வெட்டு உண்டு, செப்பேடு உண்டு. வழிப்போக்கனுக்கு ஒருவன் பகிர்ந்த சோற்றுக்கு எந்தக் கல்லிலும் இடமில்லை. ஆனால் எங்கள் கொட்டியாரக்குடாவில் தொடங்கி, மன்னார்க் கரையில் முடிந்த ஒரு கதையில், தற்செயலாக அப்படியொரு சோறு பதிவாகியிருக்கிறது. பதிவு செய்தவர் ஓர் ஆங்கிலேயர். பெயர் றொபேட் நொக்ஸ்.

நொக்ஸின் கதை நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 1659 நவம்பர் 19 ஆம் திகதி மசூலிப்பட்டினத் துறையில் வீசிய கொடும்புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் தன் பெரிய பாய்மரத்தை இழந்தது. கிழக்கிந்தியக் கும்பினியின் பணியில் வந்த கப்பல் அது. புதிய பாய்மரம் நாட்டவும், அதற்கிடையில் துணி வியாபாரம் செய்யவும் அதனைக் கொட்டியாரக்குடாவுக்கு அனுப்பினார்கள். கப்பல் தலைவர் றொபேட் நொக்ஸ். அதே பெயருடைய மகனும் உடன் வந்திருந்தான். மகனுக்கு அப்போது வயது 19.

கொட்டியாரம் அன்று கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. கொழும்பை 1656 இலும் யாழ்ப்பாணத்தை 1658 இலும் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியிருந்த காலம். கடல் வழியே வரும் எந்த வெள்ளைக்காரனையும் மன்னன் சந்தேகத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. கப்பற்காரர்களுக்கும் முதலில் அச்சம் இருந்தது. இருபது நாட்கள் வரை எந்தத் தொல்லையும் இல்லாமல் கரைக்குப் போவதும் வருவதுமாக இருந்தபின் அந்த அச்சம் விட்டுப்போயிற்று. இங்கே நொக்ஸ் எழுதிய ஒரு செய்தி எனக்கு மறக்க முடியாதது. கரையோர மக்கள் தங்களை மிக அன்போடு உபசரித்தார்கள் என்கிறார். உடனே, அது தாங்கள் கொடுத்த காசுக்கு என்பதையும் சேர்த்துக்கொள்கிறார். நேர்மையான மனிதர்! விலைக்குக் கிடைத்த அன்பையும் விலையில்லாமல் கிடைத்த அன்பையும் குழப்பாமல் எழுதத் தெரிந்தவர். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

மன்னனின் திசாவை படையோடு வந்தான். புளியமரத்தின் கீழ் அமர்ந்திருந்த கப்பல் தலைவர் சிறைப்பட்டார். மகனும் பிடிபட்டான். எல்லாமாகப் பதினாறு பேர். அது 1660 ஏப்ரல் மாதம். கப்பலில் எஞ்சியிருந்தோருக்குச் செய்தி சொல்ல மகனை அனுப்பினார்கள். திரும்பி வந்துவிடவேண்டும் என்று தந்தை வாக்கு வாங்கியிருந்தார். கப்பலில் ஏறியவன் அப்படியே பாய் விரித்துப் போயிருக்கலாம். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிச் சிறைக்குத் திரும்பினான்.

மூதூரில் அந்தப் புளியமரத்தை 'வெள்ளைக்காரன் மரம்' என்று வழங்கினர். 1893 இல் அங்கு ஒரு கல்லும் நாட்டப்பட்டது. கப்பல் தலைவரான நொக்ஸ் 19 ஆண்டுகள் கண்டி மன்னனின் கைதியாக இருந்தார் என்பது அக்கல்லின் செய்தி. அதில் ஒரு பிழை உண்டு. கப்பல் தலைவர் தந்தை. 19 ஆண்டுகள் கைதியாக இருந்தவர் மகன். தந்தை பிடிபட்ட பத்து மாதத்திலேயே இறந்துவிட்டார். கல்லில் எழுதியதெல்லாம் வரலாறு என்று நம்பும் மாணவர்களுக்கு நான் இதைச் சொல்லுவதுண்டு.

தந்தையின் மரணம் நூலில் மிகத் துயரமான பகுதி. தந்தையையும் மகனையும் ஏழு கோறளைப் பகுதியிலே ஒரு கிராமத்தில் வைத்திருந்தார்கள். இருவருக்கும் குளிர்காய்ச்சல். 1661 பெப்ரவரி 9 ஆம் திகதி தந்தை மகனின் கண்முன்னே உயிர்விட்டார். அடக்கம் செய்ய உதவி கேட்டு ஊராரிடம் ஆள் அனுப்பினான் மகன். வந்தது மாடு கட்டும் கயிறு ஒன்று. கழுத்தில் கட்டிக் காட்டுக்கு இழுத்துப்போகலாம் என்பது அவர்கள் சொன்ன வழி. வேறு உதவி வேண்டுமென்றால் கூலி தரவேண்டும். தந்தை விட்டுச்சென்ற சிறு பணத்திலிருந்து கூலி கொடுத்துத்தான் உடலை அடக்கம் செய்ய முடிந்தது.

இதை வைத்து அக்கிராமத்தவரைக் கொடியவர் என்று தீர்ப்புக் கூறிவிடக் கூடாது. பிறர் பிணத்தைத் தீண்டுவது தீட்டு என்று எண்ணிய சமூகம் அது. நம்முடைய ஊர்களில் மட்டும் அந்த எண்ணம் இல்லாமலா இருந்தது? மேலும், நொக்ஸும் தோழர்களும் 19 ஆண்டுகள் உயிரோடு இருந்தது சிங்களக் கிராமத்தவர் கொடுத்த அரிசியால்தான். அரசன் ஆணை அது. முறைவைத்து ஒவ்வொரு வீடும் கொடுத்தது. தங்களுக்கே பற்றாத காலத்திலும் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஆணைக்குக் கொடுப்பதும் ஒருவகையில் விலைக்குக் கொடுப்பதைப் போன்றதே. அங்கே கொடுப்பவனின் மனம் தெரிவதில்லை.

இடைப்பட்ட ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நொக்ஸ் தொப்பி பின்னக் கற்றுக்கொண்டார். ஊர் ஊராகச் சிறு வியாபாரம் செய்தார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். சிங்களம் பேசினார். ஒரு நாள் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது வழியால் போன முதியவர் ஒருவர், இந்த வெள்ளைக்காரனுக்கு வாசிக்கத் தெரியுமா என்று விசாரித்தார். கொழும்பைப் போர்த்துக்கேயர் இழந்தபோது அவருக்கு ஒரு புத்தகம் கிடைத்திருந்தது. ஆங்கில வேதாகமம்! தான் பின்னிய தொப்பியொன்றைக் கொடுத்து நொக்ஸ் அதை வாங்கிக்கொண்டார். இதுவும் விற்பனைதான். ஆனாலும் வாசிக்கத் தெரிந்தவனிடம் புத்தகம் போய்ச் சேரட்டும் என்று நின்று விசாரித்த அந்த முதியவரை எனக்குப் பிடிக்கும்.

1679 செப்ரெம்பர் 22 ஆம் திகதி நொக்ஸும் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழரும் வியாபாரிகள் போலப் பொதி சுமந்து புறப்பட்டார்கள். அநுராதபுரம் வந்தபோது அங்கிருந்தோர் பேசியது தமிழ். இவர்களுடைய சிங்களம் அவர்களுக்குப் புரியவில்லை. சிங்களம் தெரிந்த ஒருவர் வரும்வரை இரு தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றதாக நொக்ஸ் எழுதுகிறார். அங்கு மூன்று நாள் தங்கியபின், ஒக்ரோபர் 12 ஆம் திகதி ஞாயிறு இரவு, மல்வத்து ஓயா போகும் வழியே காட்டுக்குள் இறங்கினார்கள். அதே ஆறு கீழே தமிழ்ப் பகுதிக்கு வரும்போது அதன் பெயர் அருவியாறு.

காடு முழுக்க முள். யானைகள் ஒருபுறம். வன்னியை அப்போது ஆண்டவன் கைலாய வன்னியன். அவன் ஆட்கள் கண்டால் பிடித்து மீண்டும் கண்டிக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் ஒருபுறம். கண்ணிற் படும் எந்த மனிதனும் எதிரி என்ற நிலையில் நான்கு நாள் நடந்தார்கள்.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஒரு திருப்பத்தில் திரும்பியதும் நாற்பது அடி தூரத்தில், மரத்தின் கீழ் இரண்டு பேர் சோறு சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிராமணர் என்று நொக்ஸ் குறிப்பிடுகிறார். எதைக்கொண்டு அப்படி முடிவுசெய்தாரோ, அது நமக்கு முக்கியமில்லை. இவர்களைக் கண்டு அவர்கள் நடுங்கினார்கள். அவர்களைக் கண்டு இவர்களும் நடுங்கினார்கள். ஓடினால் ஊரைக் கூட்டிவிடுவார்கள், பேசிப் பார்ப்போம் என்று நினைத்து, கிட்ட வரலாமா என்று சிங்களத்தில் கேட்டார்கள். அவர்களுக்கு விளங்கவில்லை. எழுந்து நின்று தமிழில் ஏதோ சொன்னார்கள். இவர்களுக்கு அது விளங்கவில்லை. பின்னர் கைச்சாடைதான் மொழி. அவர்களிடம் ஆயுதம் இல்லை என்று கண்டபின், நொக்ஸும் தோழரும் தங்கள் கோடரிகளையும் பைகளையும் நிலத்தில் வைத்துவிட்டு நெருங்கினார்கள். முள் கிழித்து இரத்தம் வழிந்த தம் முதுகுகளைத் திருப்பிக் காட்டினார்கள். எங்கிருந்து தப்பி வருகிறோம், எங்கே போகிறோம் என்பதைக் கையால் உணர்த்தினார்கள்.

அந்த இருவரும் புரிந்துகொண்டார்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு, கைகளையும் முகத்தையும் வானை நோக்கி உயர்த்தி, ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தச் சொல்லை நொக்ஸ் காதில் விழுந்தபடியே எழுதி, மலபார் மொழியில் அது கடவுளைக் குறிக்கும் என்று விளக்கமும் தருகிறார். ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடந்தாலும் நமக்கு அது உடனே தெரிகிறது. 'தம்பிரானே'!

நேயர்களே, தமிழாசிரியன் என்ற முறையில் நான் சற்று நிற்கும் இடம் இது. 1681 இல் லண்டனில் அச்சான நூலொன்றில், இலங்கைக் காட்டில் சோறு சமைத்துக்கொண்டிருந்த இரண்டு பெயர் தெரியாத தமிழர்களின் வாய்ச்சொல் பதிந்திருக்கிறது. யாரோ ஒருவனின் முதுகில் இரத்தத்தைக் கண்டு பதறியபோது வந்த சொல் அது.

அதன்பின் நடந்தது இன்னும் பெரிது. கோடரிகளையும் பைகளையும் கிட்டக் கொண்டுவந்து வைக்கும்படி அவர்கள் சாடை காட்டினார்கள். அந்நியன் கையில் ஆயுதம் இருக்கலாம் என்று அனுமதிப்பதைவிட நம்பிக்கைக்கு வேறு அடையாளம் என்ன? பின்னர் தங்களுக்கென்று ஆக்கிய சோற்றையும் கீரையையும் கொண்டுவந்து இவர்கள் முன் வைத்து, உண்ணுங்கள் என்றார்கள். நகைப்புக்குரிய உண்மை என்னவென்றால், நொக்ஸும் தோழரும் சற்று முன்புதான் இதைவிட நல்ல சாப்பாட்டை வயிறாரச் சாப்பிட்டிருந்தார்கள்! ஆயினும் அந்த இரக்கத்தைத் தட்ட மனமின்றி, முடிந்த அளவு உண்டார்கள். பதிலுக்குத் தங்கள் புகையிலையை நீட்டினார்கள். மிகவும் வற்புறுத்தியபின்னரே அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

'விருந்து' என்ற சொல்லுக்கு இன்று நாம் கொடுக்கும் பொருள் வேறு. கலியாண வீட்டுச் சாப்பாடு, உறவினர் வருகை, பெட்டி பெட்டியாகப் பலகாரம். பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புகளைக் கூறும்போது விருந்தையும் ஒன்றாக வைத்தது இப்பொருளில்தான். ஆகவே விருந்தினர் என்பவர் நாள் குறித்து அழைத்த மாமனும் மச்சானும் அல்லர். முன்பு கண்டிராத புதியவர். வள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாக இல்லறத்தில் வைத்தாரே, அந்த இரு மனிதருக்கு அங்கே இல்லமும் இல்லை; இருந்தது மூன்று கல் அடுப்பும் ஒரு பானையும். புறநானூற்றின் 182 ஆம் பாட்டு, உலகம் நிலைத்திருப்பதற்குக் காரணமானவர்களை எண்ணத் தொடங்கும்போது, அரிய உணவு கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர்களையே முதலில் வைக்கிறது. பாடியவர் பெயர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. கடல் கொண்ட ஒருவரின் பெயரில் வழங்கும் இப்பாட்டை, கடற்கரைக் கல்லூரியொன்றில் கற்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் எனக்கு மனம் ஒருமாதிரி ஆகிவிடும். அதற்குக் காரணம் பின்னே சொல்கிறேன்.

நம்மூரில் மடங்கள் இருந்தன. சுமைதாங்கிகளும் ஆவுரஞ்சிக் கற்களும் தண்ணீர்ப் பந்தல்களும் இருந்தன. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்களுக்கு வெருகல் வழியெங்கும் ஊரவர் அன்னமிடும் வழக்கம் உண்டு. இவை போற்றத்தக்கவை. ஆனாலும் இவை எண்ணித் திட்டமிட்டுச் செய்யும் அறங்கள். யார் வருவார், எப்போது வருவார் என்று ஓரளவு தெரிந்து செய்பவை. அருவியாற்றங்கரையில் நடந்தது அந்த வகை அன்று. எண்ணிப் பார்க்க நேரமே இருக்கவில்லை. பயம் முதலில் வந்தது. அது தணியுமுன்பே சோறு வந்துவிட்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். நொக்ஸ் ஒளிக்காமல் மிச்சத்தையும் எழுதுகிறார். ஒல்லாந்தர் கோட்டைக்கு வழிகாட்ட வரும்படி அவர்களை வேண்டினார். அவர்களுக்கு விருப்பமில்லை. பெரிய ஆபத்து நீங்கிவிட்டது, இரவுக்குள் ஒல்லாந்தர் எல்லைக்குப் போய்விடலாம் என்று உணர்த்தினார்கள். நொக்ஸ் விடவில்லை. கையிலிருந்த காசு முழுவதையும், ஐந்து சிலிங் பெறுமதியானதை, எடுத்துக் காட்டினார். ஒருவன் வாங்கிக்கொண்டு கூடவே வந்தான். ஒரு மைல் போனதும் விடைகேட்டான். இன்னும் பிடுங்கப் பார்க்கிறான் என்று நினைத்த நொக்ஸ், ஒரு சிவப்புத் தொப்பியும் கத்தியும் கொடுத்தார். இன்னொரு மைல் வந்தான், பிறகு போய்விட்டான். கொடுத்ததெல்லாம் வீண் என்று நொக்ஸ் நொந்துகொள்கிறார். தனியே நின்ற அவனிடமிருந்து எல்லாவற்றையும் பறித்துக்கொள்ளலாமா என்ற எண்ணமும் வந்ததாம். ஊருக்குச் சொல்லிவிடுவானோ என்ற பயத்தால் விட்டுவிட்டார்.

ஒரு மணி நேரத்துக்கு முன் யாருக்காகத் தம்பிரானை அழைத்தானோ அவனையே பேராசைக்காரன் என்று எண்ணும்படி ஆயிற்று. யாருடைய தவறு? வழிகாட்டியவன் முதலிலேயே வரவில்லை என்றுதான் சொன்னான். இதற்குமேல் ஆபத்தில்லை என்று அவன் சொன்னதும் பொய்யன்று. காசை நீட்டியவர் நொக்ஸ். நீட்டிய கணத்தில் அதுவரை இல்லாத ஒரு கணக்கு இருவருக்கும் நடுவே புகுந்துவிட்டது. ஐந்து சிலிங்குக்கு எத்தனை மைல்? சோற்றை வைத்தபோது எத்தனை பிடி என்று எவரும் எண்ணவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தச் சோற்றைப்பற்றி எழுதும்போது நொக்ஸின் நடையில் ஒரு கனிவு இருக்கிறது. வழிகாட்டலைப்பற்றி எழுதும்போது வியாபாரியின் குரல் வந்துவிடுகிறது.

ஒக்ரோபர் 18 ஆம் திகதி சனிக்கிழமை மாலை நான்கு மணியளவில் அவர்கள் அரிப்புக் கோட்டையை அடைந்தார்கள். மறு ஆண்டு நொக்ஸ் இங்கிலாந்து சேர்ந்தார். 1681 இல் அவருடைய நூல் வெளிவந்தது. விஞ்ஞானி றொபேட் ஹூக் அதற்கு முன்னுரை எழுதினார். டானியல் டீபோ 1719 இல் எழுதிய 'றொபின்சன் குரூசோ'வுக்கு இந்நூலும் ஒரு தூண்டுதல் என்பது பலர் கருத்து.

பின்னாளைய நொக்ஸைப்பற்றியும் சொல்லாமல் விட்டால் அது முழுமையான வரலாறாகாது. அவர் கும்பினிக் கப்பலொன்றின் தலைவரானார். மடகஸ்காரில் அடிமைகளை வாங்கிச் செயின்ற் ஹெலீனாத் தீவுக்குக் கொண்டுசெல்லும் பயணத்தையும் ஏற்றார். 19 ஆண்டுகள் அடைபட்டிருந்தவர், முதுகில் இரத்தத்தோடு அந்நியர் முன் நின்று சோறு பெற்றவர், பிற மனிதரைச் சங்கிலியிட்டு ஏற்றிச்சென்றார். ஒருவன் பெற்ற அன்பு அவனை நல்லவனாக்கிவிடும் என்று நாம் வகுப்பில் சொல்லுகிறோம். எப்போதும் அப்படி நடப்பதில்லை. நொக்ஸ் 1720 இல் இறந்தார். அருவியாற்றங்கரை மனிதர்கள் இருவரும் இதையொன்றும் அறிந்திருக்க வழியில்லை. அறிந்திருந்தாலும் அன்று அந்தப் பானையை மூடி வைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி காலை சாம்பல்தீவு, சல்லி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று எங்கள் கரை முழுவதும் கடல் ஏறியது. கடற்கோள் உதவிப் பணிகளை ஆராய்ந்து 2006 இல் வெளியான பன்னாட்டு மதிப்பீட்டு அறிக்கை, முதல் மணிநேரங்களில் உயிர்களைக் காத்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த இடத்து மக்களே என்று கூறியது. எங்களுக்கு அது புதிய செய்தியல்ல. அன்று நாங்கள் வீதிக்கு ஓடி வந்தபோது, பட்டினப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு லொறி நின்றது. சாரதி இறங்கி ஆட்களைத் தூக்கித் தூக்கி ஏற்றினார். வேலிக் கம்பி கிழித்து என் தாயாரின் காலில் இரத்தம் வழிந்தது. சேலை நனைந்து உடலோடு ஒட்டியிருந்தது. அந்த மனிதர் முன் ஆசனத்திலிருந்து தன்னுடைய சாரத்தை எடுத்து, முகத்தை மறுபக்கம் திருப்பியபடி நீட்டினார். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. "அம்மே" என்று மட்டும் சொன்னார்.

எங்களை மேட்டில் இறக்கிவிட்டு அவர் மறுபடியும் கடற்கரைப் பக்கம் லொறியைத் திருப்பிக்கொண்டு போனார். பெயரை ஒருவரும் கேட்கவில்லை. லொறி எண்ணையும் பார்த்துவைக்கவில்லை. அம்மா அந்தச் சாரத்தைத் தோய்த்துக் காயவைத்து மடித்தெடுத்தார், வந்தால் கொடுக்கலாமென்று. அது எங்கள் வீட்டு அலுமாரியில் இன்னும் இருக்கிறது.